கடல் வாசலில் ஒரு சுங்கக் கோட்டை

வெளிநாடு சென்று வருவோர் மாளிகைகளையும் பூங்காக்களையும் பற்றி எழுதுவது வழக்கம். நாம் எழுத வந்திருப்பது ஒரு சுங்கச்சாவடியைப் பற்றி. சாவடி என்றதும் மூங்கில் தடுப்பும் தகரக் கொட்டகையும்தான் வணிகர்களுக்கு நினைவு வரும். இதுவோ பச்சை படர்ந்த செம்புக் கூரையும், கடலை நோக்கி வரிசையாக நிற்கும் பீரங்கிகளும் கொண்ட பெருங்கோட்டை!

டென்மார்க் நாட்டின் ஹெல்சிங்கோர் நகரில் உள்ள குரோன்போர்க் கோட்டைதான் அது. தலைநகர் கோபன்ஹேகனிலிருந்து ரயிலில் முக்கால் மணி நேரம். இறங்கித் துறைமுகத்தை ஒட்டிச் சிறிது தூரம் நடந்தால் கோட்டை வாசல் வந்துவிடுகிறது. ஷேக்ஸ்பியரின் ஹாம்லெட் நாடகக் கதை நடக்கும் ஊர் என்பதால் உலகெங்குமிருந்து மக்கள் வருகிறார்கள். வணிக நண்பர்கள் சிலருடன் சென்ற நமக்கு நாடகத்தைவிட வரிக் கணக்குதான் மனத்தில் நின்றது.

கொக்கி போட்ட கோட்டை

மதில் மீது நின்றால் எதிர்க்கரையில் சுவீடன் நாடு தெரிகிறது. இடையே உள்ள கடல் சுமார் 4 கிலோமீட்டர்தான். பால்டிக் கரையிலிருந்து வரும் தானியம், மரம், தார். மேற்கிலிருந்து போகும் உப்பு, துணி, திராட்சை மது என எல்லாச் சரக்கும் பெரும்பாலும் இந்தக் குறுகிய வழியாகவே போய்வந்தன. அக்காலத்தில் இரு கரைகளும் டென்மார்க்கின் வசமே இருந்தன. 1420-களில் எரிக் மன்னர் இங்கே ‘குரோகன்’ என்ற கோட்டையைக் கட்டினார். அந்தச் சொல்லுக்குக் கொக்கி என்று பொருள். பொருத்தமான பெயர்தான்! அயல்நாட்டுக் கப்பல்கள் இங்கே நின்று சுங்கம் கட்டிய பிறகே நகர முடிந்தது. நிற்காமல் போனால் பீரங்கி பேசும்.

அந்தச் சுங்கப் பணத்தின் பலத்தில் இரண்டாம் ஃபிரடெரிக் மன்னர், 1574 முதல் 1585 வரை பழைய கோட்டையை இன்றைய மாளிகையாக மாற்றினார். குரோகனின் சுவர்கள் இன்றும் இதனுள் அடங்கியிருக்கின்றன. 1629-ல் தீ விபத்தில் பெரும்பகுதி அழிந்து, மீண்டும் கட்டப்பட்டது. 62 மீட்டர் நீளமுள்ள நடன மண்டபத்தைக் கண்டு வியந்தோம். 2000-ல் யுனெஸ்கோ இதை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது.

சொன்ன விலைக்கே கொடு!

தொடக்கத்தில் கப்பல் ஒன்றுக்கு இவ்வளவு என்று ஒரே வரிதான். 1567-ல் சரக்கைப் பார்த்து வரி என்று மாறியது. மதிப்பில் 1 முதல் 2 சதவீதம். வருமானம் ஏறத்தாழ மூன்று மடங்கானது.

சரக்கின் மதிப்பை யார் சொல்வது? கப்பல் தலைவனே சொல்லலாம். ஆனால் ஒரு நிபந்தனை: அவன் சொன்ன விலைக்கே அந்தச் சரக்கை வாங்கிக்கொள்ளும் உரிமை மன்னருக்கு உண்டு! குறைத்துச் சொன்னால் சரக்கு கைவிட்டுப் போகலாம். கூட்டிச் சொன்னால் வரி கூடும். எனவே நியாய விலையைச் சொல்வதே வணிகனுக்கு லாபம்.

இதைக் கேட்டதும் நம்முடன் வந்த மளிகை மண்டி அண்ணாச்சி, “அடேயப்பா, தராசு முள்ளை வியாபாரி கையிலேயே குடுத்துட்டானே!” என்றார். நம் நாட்டிலும் 1986 முதல் 2002 வரை, பெரிய தொகைக்கு நிலமோ கட்டிடமோ விற்கும்போது, ஒப்பந்த விலை குறைவாகத் தெரிந்தால் அரசே அதை வாங்கிக்கொள்ள வருமான வரிச் சட்டத்தில் இடமிருந்ததை நண்பர்கள் நினைவுகூர்ந்தார்கள்.

இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. இந்தச் சுங்கத்தின் பதிவேடுகளில் மிகப் பழையது 1497-ஆம் ஆண்டுக்கு உரியது. 1857 வரையில் சுமார் 18 லட்சம் கப்பல் பயணங்கள், தலைவன் பெயர், ஊர், சரக்கு, கட்டிய தொகை ஆகியவற்றுடன் பதிவாகியுள்ளன. பழைய கணக்கு நோட்டு பழைய குப்பை அல்ல; இன்று ஐரோப்பாவின் வணிக வரலாறே அவற்றிலிருந்து எழுதப்படுகிறது.

முடிந்தது எப்படி?

சுங்கம் கட்ட நின்ற கப்பல்கள் தண்ணீர், உணவு, மது, கயிறு எல்லாம் ஹெல்சிங்கோரில் வாங்கின. ஊர்க் கடைவீதி செழித்தது. ஆனால் வரி கட்டியவர்களின் மனக்குறை வளர்ந்தது. “கடல் யாருக்கும் சொந்தமில்லை, எதற்காகக் கட்ட வேண்டும்?” என்பது அவர்கள் கேள்வி. 1855-ல் அமெரிக்கா இனிக் கட்ட முடியாது என்று அறிவித்தது. 1857-ல் பல நாடுகள் கூடி, ஒரே தடவையாக இழப்பீடு கொடுத்துச் சுங்கத்தை ஒழித்தன. கலங்கரை விளக்குகளையும் கடலில் வழிகாட்டும் மிதவைகளையும் பராமரிக்கும் பொறுப்பை டென்மார்க் ஏற்றது. கப்பல்கள் நிற்பது குறைய, அவற்றை நம்பியிருந்த கடைகளுக்குக் கஷ்டகாலம் வந்தது.

நம் ஊரில் 2017-ல் ஜி.எஸ்.டி. வந்தபோது வணிகவரிச் சோதனைச் சாவடிகள் எடுக்கப்பட்டதையும், அவற்றை ஒட்டிப் பிழைத்த டீக்கடைகளையும் அப்போது எண்ணிப் பார்த்தோம். தடுப்பை நம்பிப் போட்ட கடைக்குத் தடுப்பு உள்ளவரைதான் ஆயுள். வரியும் அப்படியே. வணிகனின் சொல்லை மதித்து, அளவோடு வாங்கி, பதிலுக்கு ஒரு விளக்காவது ஏற்றி வைத்தால் நிலைக்கும். பீரங்கியை மட்டும் நம்பினால் ஒருநாள் நின்றுபோகும். குரோன்போர்க் நமக்குச் சொன்னது இதைத்தான்.

செல்ல விரும்புவோர் அரை நாள் ஒதுக்குங்கள். கோடையிலும் கடற்காற்று குளிரும். கம்பளிச் சட்டை அவசியம். அவ்வளவு தூரம் போக இயலாதவர்கள் நம் தரங்கம்பாடிக்குப் போய் வரலாம். 1620-ல் தஞ்சை இரகுநாத நாயக்கரிடம் அனுமதி பெற்று, மிளகு வணிகத்துக்காக டென்மார்க்காரர்கள் கட்டத் தொடங்கிய டான்ஸ்போர்க் கோட்டை, 1845-ல் ஆங்கிலேயருக்கு விற்கப்பட்டு, இன்றும் அங்கே கடலைப் பார்த்தபடி நிற்கிறது.