எழுதக் கற்பித்தவர்

நாடகம் எழுதுதலை ஒருவர் மற்றொருவர்க்குக் கற்பித்தல் கூடுமோ? அது பிறவிப் பேறு என்பாருளர். பூவரசங்குளத்திலே மாணவர்க்கு நாடகமும் அரங்கியலும் கற்பிக்கும் எனக்கு இவ்வினா ஒவ்வொரு வகுப்பிலும் எதிர்ப்படுவது. அப்போதெல்லாம் குழந்தை ம. சண்முகலிங்கம் அவர்களின் வாழ்வையே நினைந்துகொள்கிறேன்.

1931ஆம் ஆண்டு யாழ்ப்பாணத்தில் பிறந்த அவர் தொழிலால் ஆசிரியர். நாற்பது வயதைக் கடந்தபின், கொழும்புப் பல்கலைக்கழகத்தில் நாடகக் கல்வி டிப்ளோமா பயிலும் மாணவரானார். 1978இல் யாழ்ப்பாணத்தில் நாடக அரங்கக் கல்லூரியை நிறுவினார்; பின்னர் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்திலும் கற்பித்தார். சிறுவர் அரங்குக்கென எழுதிய ‘கூடி விளையாடு பாப்பா’ முதலாக, அவர் எழுதியனவும் மொழிபெயர்த்தனவும் நூற்றுக்கு மேற்பட்டவை.

போர்க்காலமோ அவரது எழுத்துக்குக் கடுஞ்சோதனையாயிற்று. வெளிப்படப் பேச அஞ்சிய மக்களின் துயரை 1985இல் ‘மண் சுமந்த மேனியர்’ மேடையேற்றியது; க. சிதம்பரநாதன் அதனை நெறிப்படுத்தினார். 1991இல் ‘அன்னை இட்ட தீ’ போர் புண்படுத்திய உள்ளங்களைக் காட்டியது. அடுத்த ஆண்டில் வந்த ‘எந்தையும் தாயும்’, பிள்ளைகள் கடல்கடந்து சென்றபின் தனித்துவிடப்பட்ட முதியோரின் கதை.

அந்நாடகத்தின் நிலைமையைக் கூறி, ஒரு காட்சி எழுதுமாறு என் மாணவரைப் பணித்தேன். பலர் சினிமா வசனங்களையே எழுதிவந்தனர். வகுப்பில் வாய் திறவாத மாணவி ஒருத்தி எழுதியது வேறு. வெளிநாட்டு மகனின் தொலைபேசி மணி கேட்டதும் கிழவி சேலையைத் திருத்திக்கொள்கிறாள். “நாங்கள் சுகமாயிருக்கிறம், ராசா” என்கிறாள். பேசி முடித்தபின், மருந்து தீர்ந்துவிட்டதெனக் கணவனிடம் மெல்லச் சொல்கிறாள்.

“இதை ஆர் பிள்ளை சொல்லித்தந்தது?” என்றேன்.

“ஒருத்தரும் இல்லை, சேர். அம்மம்மாவைப் பார்த்துத்தான் எழுதினனான்.”

என் வினாவுக்கு விடை அன்று கிடைத்தது. எழுத்தைப் புகட்டல் இயலாது. தன் வீட்டுத் திண்ணையிலும் நாடகம் உண்டென்ற நம்பிக்கையைப் புகட்டலாம். சண்முகலிங்கம் தம் மாணவர்க்கு ஈந்த செல்வம் அதுவே என்பது என் துணிபு.

2025இல் அவர் மறைந்தார். பரீட்சை வினாவுக்கு விடையாக மட்டும் அவர் பெயரை மனனம் செய்விப்போமாயின், அவரை இரண்டாம் முறை இழந்தோராவோம். வாரத்துக்கு ஒரு பாடவேளையேனும் மாணவர் தம் அம்மம்மாவை எழுதட்டும்.