மஞ்சள் முக்கோணம் - 9: சிப்புக்குள் இருக்கும் எண்

எக்ஸ்பியில் நீலத்திரை ஏன் விழுகிறது, பயாஸில் ஏஹெச்சிஐயை ஐடிஇ ஆக்கினால் ஏன் எழுகிறது என்பதெல்லாம் சென்ற வாரமே முடிந்தது. இந்த வாரம் பிரிண்டர் என்று சொல்லியிருந்தேன். விண்டோஸ் 7 குறுக்கே நிற்கிறது.

கே.ஜி.கண்டிகை போன்ற ஊர்களின் டிடிபி கடைகளில் பழைய பேஜ்மேக்கருக்காகவும் யூனிகோடுக்கு முந்தைய எழுத்துருக்களுக்காகவும் புதிய கம்ப்யூட்டரில் விண்டோஸ் 7 போடச் சொல்வார்கள். பென்டிரைவில் இன்ஸ்டலேஷன் தொடங்கும். மொழி கேட்கும் திரை வந்ததும் மவுஸ் நகராது, கீபோர்டு வேலை செய்யாது. போர்டு கெட்டுவிட்டது என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போவது தவறு. விண்டோஸ் 7 வெளிவந்தது 2009 அக்டோபரில்; யுஎஸ்பி 3க்கான எக்ஸ்ஹெச்சிஐ வரையறையின் முதல் பதிப்பு 2010இல்தான் வந்தது. 2015இல் இன்டெல்லின் ஆறாம் தலைமுறைச் சிப்செட்டுகள் அதற்கு முந்தைய யுஎஸ்பி முறையான இஹெச்சிஐயை அடியோடு எடுத்துவிட்டன. தொடக்கத்தில் பென்டிரைவைப் படித்தது பயாஸ். செட்டப் பொறுப்பேற்றதும் அதனிடம் எக்ஸ்ஹெச்சிஐ டிரைவரே இல்லை. பிஎஸ்/2 கீபோர்டும் சாட்டா டிவிடி டிரைவும் இருந்தால் தப்பலாம். இல்லையென்றால் டிஸ்ம் கட்டளையால் அந்த டிரைவரை பூட்.விம், இன்ஸ்டால்.விம் இரண்டுக்குள்ளும் முன்கூட்டியே சேர்த்துவிட வேண்டும். ஒன்றில் மட்டும் சேர்த்தால் பாதி வழியில் மறுபடி நிற்கும்.

விண்டோஸ் ஏறிய பிறகும் டிவைஸ் மேனேஜரில் மஞ்சள் குறிகள் வரிசையாக நிற்கும். இங்கேதான் பெரும்பாலோர் கம்பெனி பெயரையும் மாடலையும் வைத்து டிரைவர் தேடுகிறார்கள். ஒரே மாடல் லேப்டாப்பிலேயே வெவ்வேறு வைஃபை கார்டுகள் வருவதுண்டு. பெயரை நம்பிப் பயனில்லை. ப்ராப்பர்ட்டீஸில் டீடெயில்ஸ், அதில் ஹார்டுவேர் ஐடீஸ் பாருங்கள். 'வென்' என்பதை அடுத்து வரும் நான்கு இலக்கம் சிப்பைச் செய்தவருடையது. 'டெவ்' என்பதை அடுத்து வருவது அந்தச் சிப்புடையது. ஏஎம்டிக்கு 1022, ரியல்டெக்குக்கு 10இசி. இன்டெல்லுக்கு? 8086! 1978இல் அது வெளியிட்ட பிராசஸரின் பெயர். ஐபிஎம்மின் 1981 பிசியில் இருந்த 8088 அதன் நெருங்கிய உறவு; இன்றைய பிசிக்களின் பரம்பரையே அங்கிருந்துதான் கிளைத்தது. பிசிஐ முறையில் நிறுவனங்களுக்கு எண் வந்தபோது இன்டெல் தன் எண்ணாக வைத்துக்கொண்டது அதைத்தான். நேற்று வந்த இன்டெல் வைஃபை கார்டும் தன்னை 8086 என்றே அறிவிக்கிறது. டிரைவர் தெரியாமல் விழிக்கும் விண்டோஸுக்குக்கூட இந்த எண் தெரியும், ஏனென்றால் அது சிப்பே சொல்வது.

டிரைவர் பேக் இருக்கும்போது இந்த உழைப்பு எதற்கு என்று கேட்கலாம். அவசரத்துக்கு அது உதவும், மறுக்கவில்லை. ஆனால் எதை எதற்கு ஏற்றியது என்று தெரியாது. வேண்டாத மென்பொருளும் கூட வந்துவிடும். டிரைவரோடு வரும் ஐஎன்எஃப் கோப்பை நோட்பேடில் திறந்து அந்த எண்ணைத் தேடிப் பாருங்கள். இருந்தால் அந்த டிரைவர் ஏறும். இல்லையென்றால் எத்தனை முறை செட்டப் ஓட்டினாலும் ஏறாது. எண்ணை நாமே எழுதிச் சேர்த்தால் டிஜிட்டல் கையெழுத்து உடைந்து 64 பிட் விண்டோஸ் மறுத்துவிடும். விண்டோஸ் 7 ஆதரவு 2020 ஜனவரி 14இலேயே முடிந்ததே என்ற ஆட்சேபம் நியாயமானது. அந்தக் கம்ப்யூட்டரை இணையத்தில் இணைக்காமல் டைப்பிங்குக்கு மட்டும் வைத்துக்கொள்வதே சரி.

லினக்ஸிலும் இதே எண்தான் துணை. 2011 செப்டம்பர் 15இல் தொடங்கிய தமிழக அரசின் இலவசத் திட்டத்து லேப்டாப்களில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் இருந்தது. அந்தக் காலத்துப் பதிப்பைப் புதிய கம்ப்யூட்டரில் போட்டால் வைஃபை கிடைக்காமல் போகலாம். 'எல்எஸ்பிசிஐ -என்என்' கட்டளை அதே எண்ணைக் காட்டும். ஆனால் அங்கே டிரைவர்களில் பெரும்பகுதி கெர்னலுக்குள்ளேயே இருப்பதால் தனித்தனியாகத் தேடி அலைவதைவிடக் கெர்னலைப் புதுப்பிப்பதே வழி.

பிரிண்டருக்கு இந்த முறை அப்படியே பொருந்தாது. யுஎஸ்பியில் 'வென்' இல்லை, 'விஐடி', 'பிஐடி' என்று வேறு இரண்டு எண்கள். அடுத்த வாரம் அங்கிருந்து தொடங்குவோம்.