வடக்கன்குளத்துச் சுவர்

திருநெல்வேலி மாவட்டத்தின் தென்பகுதியில், பனைமரங்கள் சூழ்ந்த சிற்றூர் வடக்கன்குளம். வானம் பார்த்துப் பயிரிட்டும் பனையேறியும் பிழைத்த மக்கள் வேத விசுவாசத்தைப் போற்றி வளர்த்த ஊர் அது.

திருவிதாங்கூர் அரண்மனை அலுவலரான நீலகண்ட பிள்ளை, 1745 மே 14 அன்று இவ்வூரில்தான் சேசுசபைக் குரு புத்தாரி அடிகளாரிடம் ஞானஸ்நானம் பெற்றுத் தேவசகாயம் ஆனார். சாதி வேற்றுமை பாராட்டாது வாழ்ந்த அவர் 1752-இல் காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். 2022-இல் திருச்சபை அவரைப் புனிதராக உயர்த்திற்று.

அவர் ஞானஸ்நானம் பெற்ற அதே ஊரில், 1872-இல் எழும்பிய திருக்குடும்ப ஆலயத்தின் அமைப்பை எண்ணுங்கால் நம் நெஞ்சு கனக்கிறது. பீடம் ஒன்று, அதனின்று காற்சட்டைபோற் பிரியும் மண்டபங்கள் இரண்டு, இடையே சுவர். வேளாளர் ஒருபுறமும் நாடார் மறுபுறமும் நின்று ஒரே பலிபூசை கண்டனர். ஓயாத பூசலைத் தணிக்க அன்று கண்ட வழி அது. ஆயினும் பூசல் தணியவில்லை.

1910-இல் சுவர் இடிக்கப்பட்டது. மனம் பொறாதோர் வழக்குத் தொடுத்தனர். சென்னை உயர்நீதிமன்றம் வரை சென்றும், ஆலயத்தினுள் சாதிக்கெனத் தனியிடம் கோரும் அவர்தம் உரிமை ஏற்கப்படவில்லை.

கற்சுவர் வீழ்ந்து நூறாண்டு கடந்துவிட்டது. நம் கல்லறைத் தோட்டத்திலும், தேர் செல்லும் தெருவிலும், பெண் கொடுத்துப் பெண் எடுப்பதிலும் அச்சுவர் இன்னும் நிற்கிறதா? பதிலை ஒவ்வொரு குடும்பமும் செபமாலை வேளையில் தன்னையே கேட்டறியட்டும்.