தட்டைமுகப் பூனைகளும் கண்ணீர்க் கறையும்

மாந்தர் சிந்துங் கண்ணீர் மகிழ்ச்சியாலும் துயராலும் பெருகுவது. விலங்குகளின் கண்ணில் வடியும் நீர் அத்தகைய உணர்ச்சியின் விளைவன்று. அஃது உடலமைப்பின் விளைவு, அன்றேல் நோயின் விளைவு. இவ்வுண்மையைத் தெளிவாகக் காட்டுவது, மூக்குக் குறுகி முகந் தட்டையாய் அமைந்த பாரசீகப் பூனையாகும். வட்டமான பெருவிழிகளும் பட்டுப்போன்ற நீள்மயிரும் வாய்ந்த இப்பூனையின் முகத்திலே, கண்களின் உள்மூலைகளிலிருந்து மூக்கின் இருமருங்கும் இறங்குஞ் செம்பழுப்பு நிறக் கோடுகளைப் பெரும்பாலுங் காணலாம். வெண்ணிறப் பூனையாயின் அக்கறை தொலைவிலிருந்தே தோன்றும். வளர்ப்போருட் சிலர் அதனை வெறும் அழுக்கென எண்ணித் தேய்த்துக் கழுவ முற்படுவர். வேறு சிலர் கடையில் விற்கும் மருந்துகளை நாடுவர். அக்கறை எவ்வாறு உண்டாகின்றது, அதனை எங்ஙனம் அகற்றுதல் தகும், துடைப்பதை நிறுத்தி மருத்துவரை நாட வேண்டிய வேளை எது என்பன, நுவரெலியா, ஹற்றன் முதலிய மலைநாட்டுத் தேயிலைப் பகுதிகளின் சூழலோடு பொருத்தி ஈண்டு ஆராயப்படும்.

இப்பூனையின் வரலாற்றை முதலிற் சுருக்கமாக நோக்குதல் நன்று. 1620 ஆம் ஆண்டளவிற் பாரசீகத்திற் பயணஞ் செய்த இத்தாலியரான பியெற்றோ டெல்லா வல்லே, கொராசான் பகுதியின் நீள்மயிர்ப் பூனைகளைப்பற்றி எழுதினார். லூல்கந்துரவிலே ஜேம்ஸ் டெயிலர் 1867 இல் தேயிலை பயிரிட்டு நான்காண்டுகள் கழிந்தபின், 1871 ஆம் ஆண்டு யூலை மாதத்தில், இலண்டன் பளிங்கு மாளிகையில் ஹரிசன் வியர் என்பார் பூனைக் கண்காட்சியொன்றை ஒழுங்குசெய்தார். அக்காலத்துப் பாரசீகப் பூனைகளின் படங்களை நோக்குவோர், அவற்றின் மூக்கு இன்றுள்ளதினும் நீண்டிருந்தமையைக் காண்பர். இன்றைய தட்டை முகம், கண்காட்சிகளின் பரிசு விதிகளைத் தழுவி, குறுகிய மூக்குடைய பூனைகளையே தலைமுறை தலைமுறையாகத் தெரிந்தெடுத்து இனம்பெருக்கியமையால் இருபதாம் நூற்றாண்டில் உருவாகியது. 2008 இல் வெளிவந்த மரபணு ஆய்வொன்று, இன்றைய பாரசீகப் பூனை மேலை ஐரோப்பியப் பூனைகளுக்கே நெருங்கிய உறவுடையதென உணர்த்திற்று. ஆகவே பெயர் மாத்திரமே பாரசீகத்துக்குரியது. முகமோ மனிதன் வகுத்துக் கொண்டது.

அம்முகத்தின் அமைப்பினாலேயே கண்ணீர் வழிகின்றது. எல்லாப் பூனைகளுக்கும் கண்ணின் மேற்புறத்திலுள்ள சுரப்பியும் மூன்றாம் இமையிலுள்ள சுரப்பியும் இடையறாது கண்ணீரைச் சுரக்கின்றன. இமைக்குந்தோறும் அந்நீர் கண்ணின்மேற் பரந்து, தூசியைக் கழுவி, உள்மூலையை அடைகின்றது. அங்கே மேலிமையிலொன்றும் கீழிமையிலொன்றுமாக இரண்டு நுண்துளைகள் உள. அவற்றின் வழியே புகுந்த நீர் மெல்லிய குழாயொன்றினூடே மூக்கினுள் இறங்கிவிடும். சாதாரண வீட்டுப் பூனையின் முகம் நனையாதிருத்தற்குக் காரணம் இதுவே.

தட்டைமுகப் பூனையில் இவ்வொழுங்கு மூன்று வகையாற் குலைகின்றது. முதலாவது, கண்குழி ஆழமற்றிருத்தலின் விழி முன்தள்ளி நிற்கின்றது. நீர் தேங்கி நிற்றற்கு வேண்டிய இடம் உள்மூலையில் இல்லை. இரண்டாவது, கீழிமையின் உள்ளோரம் உட்புறமாக மடிந்து நுண்துளையை அடைத்துவிடுகின்றது. அவ்வோரத்தின் மயிர்கள் திரிபோல் நின்று நீரை முகத்துக்கு இழுக்கின்றன. மூன்றாவது, கண்ணீர்க் குழாயே நெளிந்துவிடுகின்றது. 2009 இல் ஜெர்மானிய ஆய்வாளர் வெளியிட்ட கதிர்ப்பட ஆய்வின்படி, முகம் மிகக் குறுகிய பூனைகளில் மேல்வேட்டைப்பல் தன்னிலை பிறழ்ந்து திரும்ப, குழாய் அப்பல்லின் வேருக்குக் கீழாகச் சுற்றி வளைந்து செல்ல நேர்கின்றது. தாழ்ந்து பின் மேலேறுங் குழாயினூடு நீர் எளிதில் ஓடாதென்பது வெளிப்படை. போக்கிடமற்ற நீர் முகத்தின்மேல் வழிகின்றது.

வழியும்போது கண்ணீர் நிறமற்றதே. அதனுட் கலந்துள்ள போர்பிரின் முதலிய நிறப்பொருள்கள் மயிரிற் படிந்து, காற்றும் ஒளியும் பட உலர்ந்து செம்பழுப்பாகின்றன. ஈரம் நீங்காத மயிரிலும் மூக்கடி மடிப்பிலும் பற்றீரியாவும் மதுவமும் பெருகுமாயின் நிறம் மேலுங் கருகும், தோல் புண்படும், தீநாற்றமும் எழும். ஆதலின் கறையின் மூலகாரணம் ஈரமேயாம். கறையை வெளிற்றுவதன்று, ஈரத்தை அகற்றுவதே தூய்மை செய்தலின் நோக்கமென்பது மனத்திற் கொள்ளத்தக்கது.

இவ்வுண்மை மலைநாட்டிற் சிறப்பாகப் பொருந்தும். நுவரெலியா கடல்மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 1,870 மீற்றர் உயரத்தில் உள்ளது. அங்கே ஆண்டின் சராசரி வெப்பநிலை ஏறக்குறைய 16 பாகை செல்சியஸ் மாத்திரமே. ஹற்றன் அதனினுந் தாழ்ந்து 1,270 மீற்றர் அளவில் உள்ளது. நீள்மயிர்ப் பூனைக்கு இக்குளிர் தாழ்நிலத்து வெப்பத்தினும் இதமானதே. எனினும், மூடுபனியும் விடாமழையும் உள்ள மாதங்களில் நனைந்த மயிர் தானாக உலராது. காலையில் ஒருமுறை துடைத்த முகம் மாலையில் மீண்டும் நனைந்து கிடக்கும். அன்றியும், விறகு அடுப்பெரியும் லயக் காம்பிராக்களிலும், கதவு சன்னல்களை அடைத்துக் கணப்பு மூட்டும் பங்களாக்களிலும் புகை தேங்குகின்றது. புகை பட்ட கண் மிகுதியாக நீர் சுரத்தல் மனிதருக்கும் பூனைக்கும் பொதுவாம். ஆகவே பூனை உறங்கும் இடத்தை அடுப்படியினின்றும் விலக்கி, காற்றோட்டமும் வெதுவெதுப்பும் உள்ள மூலையில் அமைத்தல் தூய்மைப் பணியின் முதற் படியெனலாம்.

தேயிலை விளையும் நாட்டில், கண்நோவுக்கு ஆறிய தேத்தண்ணீரால் ஒற்றுங் கைவைத்தியம் நினைவுக்கு வருதல் இயல்பே. இப்பழக்கம் பல நாடுகளிலும் உண்டு. தேயிலையிலுள்ள துவர்ப்புப் பொருள் வீங்கிய தோலைச் சுருங்கச் செய்யுமென்பது இதற்குக் கூறப்படும் நியாயம். ஆயினும் பூனையின் கண்ணுக்கு இஃது உகந்ததன்று. கோப்பையில் ஆறிக் கிடந்த தேத்தண்ணீர் கிருமி நீங்கியதன்று. அதன் நுண்துகள்கள் கண்ணை உறுத்தும். மேலும், துணியிற் சிந்திய தேத்தண்ணீர் எத்தகைய கறையை விடுமென்பதைத் தேயிலை நாட்டார்க்கு எடுத்துரைக்க வேண்டுவதில்லை. வெண்மயிரிலும் அதுவே நிகழும். கறையை நீக்கப் புகுந்து கறையை ஏற்றுவதாக அம்முயற்சி முடியும்.

தேத்தண்ணீரினுஞ் சிறந்தது எளிய உப்புநீரே. அரை லீற்றர் நீரைக் கொதிக்கவைத்து, நாலரைக் கிராம் உப்பு, அதாவது தட்டையாக அளந்த தேக்கரண்டியொன்றினுஞ் சற்றுக் குறைவாக இட்டுக் கரைத்து, மூடி ஆறவிடல் வேண்டும். இது கண்ணீரின் உப்புத்தன்மையை ஒத்திருத்தலின் கண்ணை எரிக்காது. ஒரு நாளுக்கு மேல் அதனை வைத்திருத்தலாகாது. மருந்துச்சாலைகளில் விற்கும் கிருமி நீக்கிய உப்புநீரும் இதற்கு ஏற்றது.

கைகளைக் கழுவியபின் பூனையை மடியில் முகம் வெளிநோக்க இருத்தி, ஒரு கையால் தாடையை மெல்லத் தாங்குதல் வேண்டும். வெதுவெதுப்பான உப்புநீரில் நனைத்துப் பிழிந்த மென்துணியைக் காய்ந்த பொருக்கின்மேற் சிறிதுநேரம் ஒற்றிப் பிடித்தால் அது தானாக இளகும். நகத்தாற் கிள்ளுதல் கூடாது. பின்னர் உள்மூலையிலிருந்து கீழ்நோக்கி, கண்ணுக்கு அப்பால், ஒரே திசையில் துடைத்தல் வேண்டும். விழியைத் துணி தொடலாகாது. ஒவ்வொரு கண்ணுக்கும் வேறு வேறு துணி கொள்ளல் வேண்டும். ஒரு கண்ணின் கிருமி மற்றதற்குச் செல்லாதிருத்தற்கு இதுவே வழி. மூக்கடி மடிப்பை விரித்து அதனுள்ளுந் துடைத்து, ஈற்றில் உலர்ந்த துணியால் ஈரம் முழுவதையும் ஒற்றியெடுத்தல் வேண்டும். பலர் கைவிடுவது இவ்விறுதிப் படியையே. பனி மிகுந்த மலைநாட்டில் இன்றியமையாததும் அதுவே. இதனை நாள்தோறும் ஒருமுறையும், மழைக்காலத்தில் இருமுறையுஞ் செய்தல் நலம். குட்டிப் பருவத்திலிருந்தே பழக்கினால் பூனை எதிர்க்காது. பழைய கறை ஏறிய மயிர் ஒரே நாளில் வெளுப்பதில்லை. அது வளர்ந்து உதிர, அதனிடத்திற் புதுமயிர் தூயதாய்த் தோன்றும்.

தவிர்க்க வேண்டியனவும் உள. மயிரை வெளிற்றவென ஐதரசன் பரவொட்சைட்டைக் கண்ணருகே பூசுதல் விழியின் தெளிந்த படலத்தைப் புண்படுத்தும். முன்னாளில் வீடுகளிற் கண்கழுவப் பயன்பட்ட போரிக் அமிலம், பூனை தன் முகத்தைக் கழுவுங்கால் நக்கி உட்கொள்ளுமாயின் நஞ்சாகும். மலைநாட்டில் எளிதிற் கிடைக்கும் யூக்கலிப்டஸ் தைலமும் பூனைக்கு ஊறு செய்வது. ‘டீ ட்ரீ’ எண்ணெய் எனும் பெயரால் விற்கப்படும் பொருள் தேயிலையிலிருந்து பெறப்படுவதன்று. அஃது அவுஸ்திரேலிய மரமொன்றின் எண்ணெய். பெயரால் மயங்கி அதனைப் பூசினால் பூனையின் உயிருக்கே ஆபத்து நேரலாம்.

உணவிற் கலந்து கொடுத்தாற் கறை நீங்குமென விற்கப்பட்ட தூள்கள் சிலவற்றில், டைலோசின் எனும் நுண்ணுயிர்க்கொல்லி மருந்து கலந்திருந்தமை அறியப்பட்டது. அம்மருந்து நாய்க்கோ பூனைக்கோ, கண்ணீர்க் கறைக்கோ அங்கீகரிக்கப்படாதது எனக் கூறி, ஐக்கிய அமெரிக்காவின் உணவு, மருந்து நிருவாகம் 2014 இல் அவற்றை உற்பத்தி செய்தோர்க்கு எச்சரிக்கை விடுத்தது. முகத்தின் அழகுக்காக நாள்தோறும் அத்தகைய மருந்தை ஊட்டுதல், மருந்துக்கு அடங்காத கிருமிகளை வளர்ப்பதாகவே முடியும்.

எனினும் எல்லாக் கண்ணீரும் துடைத்தால் தீர்வதன்று. இரு கண்களிலும் ஒரே அளவில், நிறமற்று, நெடுங்காலமாக வடியும் நீர் முகவமைப்பால் வருவதாகலாம். ஒரு கண்ணில் மாத்திரம் திடீரென நீர் பெருகுதல், மஞ்சள் அல்லது பச்சை நிறச் சீழ் வடிதல், கண்ணைச் சுருக்குதல், கண் சிவத்தல், விழி மங்கலாதல், காலால் முகத்தைத் தேய்த்தல், தும்மலோடு உணவை மறுத்தல் என்பன நோய்க்குறிகள். பூனைகளிடையே பரவும் ஹேர்பிஸ் வைரசு கண்ணழற்சிக்குப் பொதுவான காரணம். விழியின்மேற் பழுப்பு அல்லது கரிய புள்ளி தோன்றுமாயின், அது தூசியன்று. விழிப்படலத்தின் ஒரு பகுதி இறந்துபட்டமைக்கு அடையாளம். பாரசீக இனத்தில் இந்நோய் மிகுதி. முகத்திற் கரிய மெழுகுபோன்ற பொருள் ஒட்டித் துடைக்கவும் நீங்காதிருப்பின், அதுவும் இவ்வினத்தைப் பற்றுந் தோல்நோயொன்றாகலாம்.

இங்கே கவனிக்கற்பாலதொன்று உண்டு. தட்டைமுகப் பூனைகளின் விழிப்படலம் ஏனைய பூனைகளினதிலும் உணர்ச்சி குன்றியதென 2001 இல் வெளிவந்த ஆய்வு காட்டியது. புண் இருந்தும் நோவு வெளிப்படாதிருக்கலாம். பூனை முறையிடும்வரை காத்திருப்போர் காலந் தாழ்த்தவே செய்வர். நாள்தோறும் முகந் துடைப்பவரே நேற்றைக்கும் இன்றைக்கும் உள்ள வேற்றுமையை முதலிற் காண்பர். தூய்மைப் பணியின் மெய்ப்பயன் கறை நீக்கத்தினும் இக்கண்காணிப்பே எனலாம்.

நோய்க்குறி கண்டவிடத்து, மனிதருக்கென வாங்கிய கண்மருந்தைத் தாமாக இடுதல் கொடிய தவறு. அழற்சி தணிக்கும் ஸ்டெரொயிட் கலந்த துளிமருந்து, விழிப்புண்ணை ஆழமாக்கிப் பார்வையையே போக்கிவிடக்கூடும். மிருக வைத்தியர் புளோரெசீன் எனும் நிறப்பொருளைக் கண்ணிலிட்டு நோக்குவார். புண் உள்ள இடத்தில் அது பச்சையாக ஒட்டி நிற்கும். கண்ணீர்க் குழாய் திறந்திருப்பின் மூக்குத் துளையில் வெளிப்படும். தோட்டப் பகுதிகளிலுள்ளோர் அண்மையிலுள்ள அரசாங்க மிருக வைத்திய அலுவலகத்தை நாடலாம். மேலதிக சிகிச்சை வேண்டின் பேராதனைப் பல்கலைக்கழக மிருக வைத்திய பீடத்தின் போதனா வைத்தியசாலை மலைநாட்டுக்கு அண்மையிலேயே உள்ளது.

ஈற்றில், இவையனைத்துக்கும் அடியிலுள்ள வினாவொன்று எஞ்சுகின்றது. 2016 இல் வெளிவந்த ஆய்வொன்று, முகம் தட்டையாகுந்தோறும் மூச்சுத் தடையும் கண்ணீர்க் கறையும் மிகுதல் கண்டது. ஆதலின் அக்கறை ஒரு பூனையின் குறையன்று; மனிதர் விரும்பித் தெரிந்தெடுத்த உருவத்தின் விலை. அவ்விலையைச் செலுத்துவது பூனையாகும். ஏற்கெனவே வீட்டிலுள்ள பூனைக்கு நாள்தோறும் முகந் துடைத்து ஈரம் போக்குதல், அதனை வளர்ப்போர் ஆற்ற வேண்டிய கடன். புதிதாகப் பூனை கொள்வோர், மூக்குச் சற்று நீண்டதாய்க் கண்மூலை உலர்ந்ததாய் உள்ள குட்டியைத் தெரிந்தெடுத்தலும், கண்ணீர் ஓயாத பூனைகளை இனம்பெருக்காது விடுதலும் அதனினும் பெரிய கடன். துடைக்கும் துணி இன்றைய கறையை நீக்கும். தெரிந்தெடுக்கும் அறிவே வருந்தலைமுறையின் கண்ணீரை நீக்கவல்லது.