பனிமலைக்குப் போகும் நம் பிள்ளைகள்



சமயநல்லூரில் பனி என்றால் மார்கழி விடியற்காலையில் புல்நுனியில் நிற்கும் ஈரந்தான். வெயில் ஏறினால் அது போய்விடும். ஆளையே புதைக்கும் பனியும் உண்டென்பதை 2016-ம் ஆண்டு நம் ஜில்லா கண்ணீரோடு அறிந்துகொண்டது.

அவ்வாண்டு பிப்ரவரி 3-ந் தேதி, சியாச்சினில் சுமார் 19,600 அடி உயரத்திலிருந்த சோனம் காவல் முகாமின்மேல் பெரும் பனிச்சுவர் இடிந்து விழுந்தது. மெட்ராஸ் ரெஜிமெண்ட் வீரர்களும் அவர்களுடனிருந்த ஒரு மருத்துவ உதவியாளருமாகப் பத்துப் பேர் புதையுண்டார்கள். நால்வர் தமிழ்நாட்டவர். அவர்களில் ஒருவர் மதுரை மாவட்டத்தார், ஒருவர் தேனி மாவட்டத்தார். ஆறாம் நாள் லான்ஸ் நாயக் ஹனுமந்தப்பா ஒருவர் மட்டும் உயிரோடு மீட்கப்பட்டார். டெல்லி ராணுவ மருத்துவமனையில் டாக்டர்கள் போராடியும் பிப்ரவரி 11-ந் தேதி அவரும் மரித்தார்.

சியாச்சினில் விழுந்தது பனிக்கட்டிச் சுவர். ஆனால் மலையேறப் போகிறவர்களை அதிகமாய்க் கொல்வது வேறு வகை. அதை நாம் புரிந்துகொள்வது நல்லது.

மலையில் பனி ஒரே நாளில் சேர்வதில்லை. ஒவ்வொரு பொழிவும் ஓர் அடுக்காய்ப் படிகிறது. கடுங்குளிரில் சில அடுக்குகள் ஒட்டும் தன்மையை இழந்து சர்க்கரை போல உதிரியாகின்றன. சாய்வான பலகையில் ரவையைத் தூவி, அதன்மேல் கனத்த அட்டையை வைத்துப் பாருங்கள். லேசாகத் தட்டினாலே அட்டை முழுவதும் வழுக்கி இறங்கும். பனிச்சரிவும் அப்படித்தான். தட்டுகிற கை பெரும்பாலும் அதன்மேல் நடக்கிற மனிதனுடையதே. விபத்தில் சிக்குவோரில் மிகப் பலர், தாங்களோ தங்கள் கூட்டத்தாரோ கிளப்பிய சரிவிலேயே சிக்குகிறார்கள்.

களத்தில் குவித்த நெல் ஓரளவு சரிவு வரைதான் நிற்கும். பனியில் ஆபத்தான சரிவு 30 முதல் 45 பாகை வரை. அதைவிடச் செங்குத்தான இடத்தில் பனி அவ்வப்போதே உதிர்ந்துவிடுவதால் பெரிதாய்ச் சேர்வது குறைவு. சரிவின் அடியில் சமதளத்தில் நிற்பவர்களும் தப்பினோம் என்று எண்ணக்கூடாது. மேலிருந்து வருவது அவர்கள்மேல்தான் வந்து விழும்.

கவனிக்க வேண்டிய அடையாளங்கள்:

1. கடும் பனிப்பொழிவுக்கு அடுத்த ஓரிரு நாட்கள்.
2. காற்று பனியை அள்ளிவந்து குவித்த மறைவுப் பக்கம்.
3. திடீரென ஏறும் வெப்பம். குறிப்பாக, வெயில்படும் சரிவில் பிற்பகல்.
4. காலடியில் 'உம்' என்று அமுங்கும் சத்தம், ஓடுகிற விரிசல். இவற்றைக் கண்டால் உடனே திரும்பிவிட வேண்டும்.

புதையுண்டவருக்கு எதிரி குளிரைவிட மூச்சுத்திணறலே. ஓடி நிற்கும் பனி சிமெண்ட் போல இறுகிவிடும். விரலைக்கூட அசைக்க முடியாது. சுமார் 10 நிமிடத்தில் தோண்டியெடுத்தால் பத்தில் ஒன்பது பேர் பிழைக்கிறார்கள். அரைமணி நேரமானால் மூன்றில் ஒருவர்தான். வெளியூர் மீட்புப் படை வரும்வரை காலம் காத்திராது. ஆகவே ஒவ்வொருவரிடமும் சமிக்ஞைக் கருவியும், நீண்ட துழாவு கோலும், மண்வெட்டியும் இருக்க வேண்டும். ஆபத்தான இடத்தை ஒருவர்பின் ஒருவராக, இடைவெளிவிட்டுக் கடக்க வேண்டும்.

எடுத்தவுடன் வாயிலும் மூக்கிலுமுள்ள பனியை நீக்கி, மூச்சில்லையேல் செயற்கைச் சுவாசமும் மார்பு அழுத்தமும் கொடுக்க வேண்டும். குளிர்ந்த உடலை முரட்டுத்தனமாய்ப் புரட்டக்கூடாது; இருதயம் தடுமாறும். கைகால்களைத் தேய்ப்பதும் சாராயம் கொடுப்பதும் தீங்கு. உறைந்து கிடப்பவரை இறந்தவரென அவசரப்பட்டு முடிவு கட்டவும் கூடாது.

பயிற்சி பெறுவோருக்கும் விதிவிலக்கில்லை. 2022 அக்டோபர் 4-ந் தேதி உத்தராகண்டின் திரௌபதி கா டண்டா சிகரத்தில், மலையேற்றப் பயிற்சிக்குப் போன குழுவில் 25-க்கும் மேற்பட்டோர் பனிச்சரிவில் மாண்டார்கள்.

உங்கள் வீட்டு வாலிபர் விடுமுறையில் இமயமலைக்குப் புறப்பட்டால் கம்பளிச் சட்டையோடு ஒரு கேள்வியையும் கொடுத்தனுப்புங்கள்: "இன்றைய பனிச்சரிவு எச்சரிக்கை என்ன?" சண்டிகரிலுள்ள பாதுகாப்புத் துறை ஆராய்ச்சி நிலையம் இமயப் பகுதிகளுக்கு அதைக் கணித்து வெளியிடுகிறது. எச்சரிக்கை இருக்குமானால் சிகரம் ஏறாமல் திரும்பிவரும் பிள்ளையைக் கேலி செய்யாதீர்கள். மலை அடுத்த ஆண்டும் அங்கேயே இருக்கும்.