புண்ணுக்குப் போர்வை மரக்கூழ்!

ஆஸ்பத்திரியில் கட்டுப் பிரிக்கும் நேரத்தில் வார்டுக்கு வெளியே நின்றவர்களுக்குத் தெரியும். புண் தரும் வேதனை ஒரு பங்கு என்றால், காய்ந்து ஒட்டிக்கொண்ட 'காஸ்' துணியைப் பிய்த்தெடுக்கும் வேதனை மூன்று பங்கு! துணியின் கண்களுக்குள் புதுச் சதை புகுந்து வளர்ந்திருக்கும். இழுத்தால் அதுவும் சேர்ந்து வந்துவிடும். ஆறுகிற புண்ணை நாமே கிளறிவிடுகிறோம்.

கட்டை மாற்றவே வேண்டாம், புண் ஆறியதும் அது தானாக உதிர்ந்துவிடும் என்றால் எப்படியிருக்கும்? பின்லாந்து தேசத்து டாக்டர்கள் அப்படி ஒரு கட்டைச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். அது பிர்ச் மரத்தின் கூழிலிருந்து செய்யப்படுவது.

பஞ்சும் காஸ் துணியும் பெரும்பாலும் ஸெல்லுலோஸ்தான். மரக்கூழும் அதுவே. அந்தக் கூழை மேலும் மேலும் பிரித்தால், நானோமீட்டர் கணக்கில் அளக்க வேண்டிய நுண்ணிய இழைகள் கிடைக்கின்றன. (ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சம் கூறாக்கினால் ஒரு கூறுதான் ஒரு நானோமீட்டர்.) ஏராளமான தண்ணீரைப் பிடித்துக்கொண்டு கஞ்சிபோல் குழைந்து நிற்கும் இந்த இழைகளைப் பாலேடு போன்ற ஓர் ஏடாக்கிப் புண்ணின்மேல் போடுகிறார்கள். காஸ் துணியில் இருப்பதுபோன்ற கண்கள் இதில் இல்லை.

காய்ந்தால் ஆறுமா?

"புண்ணைக் காற்றாட விடு, காய்ந்தால் ஆறும்" என்பது வீட்டுப் பெரியவர்கள் சொல்லும் வைத்தியம். டாக்டர்களும் வெகுகாலம் அப்படித்தான் நம்பினார்கள். 1962-ம் ஆண்டில் ஜார்ஜ் விண்டர் என்ற ஆங்கிலேய விஞ்ஞானி பன்றிக் குட்டிகளின் தோலில் மேலோட்டமான காயங்கள் உண்டாக்கி, சிலவற்றைத் திறந்து வைத்தார். சிலவற்றைப் பாலிதீன் தாளால் மூடினார். மூடிய காயங்களில் ஏறக்குறைய இரண்டு மடங்கு வேகத்தில் புதுத் தோல் படர்ந்தது! பொருக்குத் தட்டிய புண்ணில், புதுத் தோல் அதற்கு அடியில் வழி தேடிக்கொண்டு போக வேண்டியிருக்கிறது. ஈரத்தில் அந்தச் சிரமம் இல்லை.

ஆகவே புண்ணை மூடத்தான் வேண்டும். எதைக் கொண்டு மூடுவது என்பதுதான் அன்று முதல் கேள்வி.

டாக்டரே உண்டாக்கும் புண்

ஒருவர் அடுப்பில் சுட்டுக்கொண்ட புண்ணையும் இன்னொருவர் அரிவாளில் வெட்டிக்கொண்ட புண்ணையும் வைத்துக்கொண்டு இரண்டு கட்டுகளை ஒப்பிட முடியாது. ஆனால் தீக்காயம் பட்டவருக்கு, வெந்த இடத்தில் ஒட்டுவதற்காக உடம்பின் வேறொரு பகுதியிலிருந்து மெல்லிய தோலைச் சீவி எடுக்கிறார்களே, அந்தச் சீவிய இடம் சோதனைக்கென்றே அமைந்தது போன்றது. சுத்தமான புண், ஆழம் ஏறக்குறைய ஒரே சீர், பட்ட நாளும் நேரமும் தெரியும்.

ஹெல்ஸிங்கி தீக்காய மையத்தில் 9 நோயாளிகளின் இத்தகைய புண்களில் மரக்கூழ்க் கட்டைப் போட்டார்கள். முதல் சில நாட்களில் அது மெல்ல உலர்ந்து புண்ணோடு ஒட்டிக்கொண்டது. 11 முதல் 21 நாட்களுக்குள் தானாகவே உதிர்ந்தது. அடியில் புதுத் தோல்! முதல் நான்கு பேருக்கு, ஏற்கனவே விற்பனையிலிருந்த செயற்கைக் கட்டு ஒன்றையும் போட்டுப் பார்த்தார்கள். அது உதிர 16 முதல் 28 நாட்கள் ஆயின. புதுக் கட்டில் புண் வேகமாக ஆறுகிறது என்று 2016-ல் செய்தி வெளியாயிற்று.

நான்கு பேரை வைத்தா இந்த முடிவு? அவர்களில் ஒருவருக்குச் சீக்கிரம் ஆறும் உடல்வாகு இருந்தாலே கணக்கு மாறிவிடுமே! அதே ஊரில் 24 நோயாளிகளிடம் மறுபடி சோதித்தார்கள். அதன் முடிவு 2020-ல் வந்தது. ஆறும் காலத்திலும் சரி, வலியிலும் சரி, இரண்டு கட்டுகளுக்கும் வேற்றுமை சொல்வதற்கில்லை! ஒரு மாதம் கழித்துப் பார்த்தபோது மட்டும், மரக்கூழ்க் கட்டின் அடியில் வளர்ந்த தோல் கூடுதலாக நெகிழ்ந்து கொடுத்தது.

முதலில் முந்திய குதிரை பிறகு சமமாக ஓடிற்று என்பதை மறைக்காமல் எழுதினார்களே, அதைப் பாராட்ட வேண்டும். வேகம் போனாலும், கட்டு மாற்ற வேண்டாம் என்ற லாபம் போகவில்லை. நோயாளிக்கு அது அற்பமா?

சர்க்கரை வியாதிக்காரரின் பாதத்தில் மாதக்கணக்கில் ஆறாமல் நீர் வடியும் புண் வேறு ஜாதி. ரத்த ஓட்டம் குறைந்த அந்த இடத்தில் இந்தக் கட்டு என்ன செய்யும் என்பதற்கு ஹெல்ஸிங்கி சோதனைகளில் விடை கிடையாது. அதைத் தனியாகத்தான் சோதிக்க வேண்டும்.