அச்சிட்ட எல்லையும் முதியோர் இரத்தமும்

உத்திரமேரூர்ச் சுற்றுக் கிராமங்களில் ஏர் பிடித்தும் நாற்று நட்டும் ஆயுளைக் கழித்த முதியவர்கள், இரத்தப் பரிசோதனைத் தாள் கைக்கு வந்ததும் தடித்த எழுத்து ஏதேனும் உண்டா என்று பேரனைப் பார்க்கச் சொல்லி, இல்லையென்றால் நிம்மதியோடு அதை மடித்துப் பெட்டியில் வைத்துவிடுவது சகஜமாயிருக்கிறது. அந்த நிம்மதி பல வேளைகளில் ஆதாரமற்றது. தாளில் கண்ட எல்லைகள் பெரும்பாலும் திடகாத்திரமான இளவயதினரையும் நடுவயதினரையும் பிரமாணமாகக் கொண்டவை.

கிரியாட்டினினையே எடுத்துக்கொள்வோம். தசையில் பிறந்து சிறுநீரகத்தால் நீங்கும் இக்கழிவு, தசை கரைந்த விருத்த சரீரத்தில் உற்பத்தியாவதே சொற்பமாதலால், சிறுநீரகம் தளர்ந்த பின்னும் இரத்தத்தில் ஏறாமல் நின்றுவிடக்கூடும். இருவருக்கு 1.0 என்று ஒரே அளவு வந்திருக்க, வயதையும் எடையையும் சேர்த்துக் கணக்கிடும் காக்கிராஃப்ட்–கால்ட் சூத்திரத்தின்படி, 25 வயதும் 60 கிலோவும் உள்ள வாலிபருக்கு வடிகட்டும் திறன் நிமிஷத்திற்கு ஏறக்குறைய 96 மில்லிலிட்டர். 80 வயதும் 40 கிலோவும் உள்ள மூதாட்டிக்கோ 28தான். மூட்டுவலிக்கென்று மெடிக்கலில் அவர் தாமே கேட்டு வாங்கும் வலி மாத்திரை, எஞ்சிய திறனையும் கெடுத்துவிடக்கூடிய அபாயம் உண்டு. சர்க்கரைக்கான மெட்ஃபார்மினும், இத்திறன் 30க்குக் கீழ் போனவர்களுக்குத் தரத் தகாதது. தாமாக எதையும் நிறுத்தாமல், “வயசையும் எடையையும் வச்சுக் கிட்னி எவ்வளவு வேலை செய்யுதுன்னு கணக்குப் போட்டுச் சொல்லுங்க டாக்டர்” என்று கேட்பதே உத்தமம்.

ஹீமோகுளோபினில் தவறு வேறு விதம். ஆணுக்கு 13, பெண்ணுக்கு 12 என்ற உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு முதுமைக்கென்று தளர்த்தப்படவில்லை. ஆயினும் “வயசானா ரத்தம் குறையத்தான் செய்யும்” என்று சொல்லி, வலி மாத்திரையால் வயிற்றில் கசியும் இரத்தத்தைக்கூடத் தேடாமல் விட்டுவிடுகிறோம். மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையோ (HbA1c), தளர்ந்த முதியவருக்கு 8 சதவீதம் வரை இருக்கலாம் என்று வைத்தியர்கள் சம்மதிக்கிறார்கள். வலிந்து இறக்கினால் தாழ்சர்க்கரை மயக்கம் வரக்கூடும்.

2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ என்னும் அரசுத் திட்டத்தால் மாத்திரை வீட்டுக்கே வருவது பெரும் உபகாரம்; மறுபரிசோதனையை ஒத்திவைக்க அது காரணமாகலாகாது. பழைய தாள்களையும் உடன் கொண்டுபோக வேண்டும். ஒரு தாளினும் அவற்றின் கிரமமே அதிகம் பேசும். அவை தொலைந்திருந்தால் மருத்துவரிடம் கேட்டுப் பெறலாம்; மருத்துவப் பதிவேடுகளைக் கேட்ட 72 மணி நேரத்திற்குள் தரவேண்டுமென்பது 2002ஆம் ஆண்டு மருத்துவக் கவுன்சில் விதி. பரிசோதனை அறிக்கையில் நோய்க்குறியியல் பட்டமேற்படிப்பு முடித்த பதிவுபெற்ற மருத்துவரின் கையொப்பம் அவசியமென்று 2017 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் கூறியிருக்கிறது. காசு கொடுத்துச் செய்த பரிசோதனையில் அலட்சியத்தால் தீங்கு நேர்ந்தால், இரண்டாண்டுகளுக்குள் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் முறையிடலாம். ஐந்து லட்சம் ரூபாய்க்கு உட்பட்ட வழக்குக்குக் கட்டணம் கிடையாது.